கம்பியில்லாப் பேச்சும் கம்பியில்லா வலையும்

ஒரே வழியிற் பலர் செல்லுங்கால் ஒருவர்க்கொருவர் விலகி நடத்தல் உலகியல்பு. கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகளின் வழியும் அத்தகையதே. அவ்வழியிற் கம்பியில்லாத் தொலைபேசி வைஃபை வலையைத் தடுக்குமாற்றையும், அத்தடையை நீக்குமாற்றையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

திருவண்ணாமலையிற் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மக்கள் வெள்ளத்தால் நிறைகின்றது. அக்கூட்டத்திற் பண்புடையான் ஒருவன், பிறர் பேச்சு அடங்கிய பின்னரே தான் பேசுவன் எனவும், அருகில் ஓர் ஒலிபெருக்கி ஓயாது முழங்குகின்றது எனவும் கொள்வோம். அவன் வாய் திறக்கும் வேளை வாய்த்தல் அரிது. வைஃபைக் கருவி அவனை ஒத்தது. அலைவழி அமைதியாக உள்ளதா எனச் செவிமடுத்த பின்னரே செய்தியை விடுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் இயங்கும் கம்பியில்லாத் தொலைபேசியோ பெரும்பாலும் அவ்வாறு காத்திராது. ஆதலின் வலை தயங்கி நிற்கின்றது. சிதைந்த செய்திகளை மீண்டும் மீண்டும் அனுப்புகின்றது. நமக்கு அது மந்தமாய்த் தோன்றுகின்றது.

இவ்விரண்டும் ஓரிடத்துக் கூடியது எங்ஙனம்? நம் நாட்டில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி, குறைந்த ஆற்றலுடைய கருவிகட்கு 2005-ஆம் ஆண்டில் உரிமம் வேண்டாததாயிற்று. ஆயின், பிறர் கருவியால் நேரும் இடையூற்றிற்குப் பாதுகாப்புக் கோரலாகாது என்பது அச்சலுகையின் நிபந்தனை. எனவே, தேரடி வீதியில் அடுத்தடுத்துள்ள கடையினரும் விடுதியினரும் தம்முள் வழக்காடிப் பயனில்லை. காரணமறிந்து தாமே ஒழுங்கு செய்துகொள்ளல் வேண்டும்.

முதலாவது, நோய் நாடல். தொலைபேசியின் அடிப்பெட்டியைச் சிறிது நேரம் மின்னிணைப்பினின்று நீக்கி, வலை தெளிகின்றதா எனக் காண்க. தெளியாதாயின், மைக்ரோவேவ் அடுப்பு முதலிய பிறவற்றை ஆராய்க.

இரண்டாவது, தொலைவு. வெட்டவெளியில் தொலைவு இருமடங்காயின் அலையின் வலிமை நாலிலொன்றாகக் குறையும். ஆதலின் அடிப்பெட்டியையும் ரௌட்டரையும் ஒரே மேசைமீது வைத்தல் தகாது.

மூன்றாவது, தடமாற்றம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 1, 6, 11 என்னும் தடங்கள் ஒன்றன்மேலொன்று படியா. தொலைபேசி ஓரிடத்தே நிலைத்து ஒலிப்பதாயின் வேறு தடம் பயன்தரும். அலைவரிசை முழுதும் தாவும் வகையாயின் இதனாற் பெரும்பயன் இல்லை.

நான்காவது, வேறு வரிசை நாடல். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இத்தொலைபேசியினின்று முற்றும் விலகியது. ஆயினும் சுவர்களை ஊடுருவுவதில் ஆற்றல் குறைந்தது. இடம்பெயராத கணிப்பொறிக்குக் கம்பி இணைப்பே சாலச் சிறந்தது.

இஃது அற்ப விஷயமன்று. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சிற்றூர்க் கண் பரிசோதனை நிலையங்களோடு வைஃபை அலைகளால் இணைத்து, தொலைவிலுள்ள மருத்துவர் நோயாளியைக் கண்டு உசாவ வழி செய்தனர். பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இதற்குத் துணைநின்றனர். பல கிலோமீட்டர் இடைவெளியில் செவிமடுத்துப் பேசும் முறை பயன்படாமையின், ஒவ்வொரு முனைக்கும் இவ்வளவு நேரம் என முறைவகுத்தனர். அலை தடைப்படின் ஏழையொருவரின் கண் மருத்துவமும் தடைப்படும் அன்றோ?

செவிமடுத்தல், விலகி நிற்றல், முறைவைத்துப் பேசுதல் என்னும் இம்மூன்றுமே கருவிகட்கு அறிஞர் வகுத்த நெறி. பொதுவழியைப் பகிர்ந்து வாழும் நாமும் அயலாரோடு கலந்து இந்நெறியைக் கைக்கொள்வோமாயின், குறைகளுட் பெரும்பாலன செலவின்றியே தீரும் என்க.