எம்.எஸ். நோயும் களைப்பும்

"ராத்திரி நன்றாகத்தானே தூங்கினாள், காபி போட்டுவிட்டு மறுபடியும் படுத்துவிட்டாளே!" என்று வீட்டில் முணுமுணுப்பு எழுவதுண்டு. படுத்தவர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் எம்.எஸ். நோய் உள்ளவரானால், அதைச் சோம்பல் என்பது பெரிய அநியாயம்.

தமிழில் இதைத் தண்டுவட மரப்பு நோய் என்பார்கள். மூளையையும் பாதிப்பதால் அந்தப் பெயர் அரைகுறைதான். மின்சார ஒயருக்கு மேலுறை இருப்பதுபோல் நரம்பிழைகளுக்கு மயலின் என்ற உறை உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைத் தாக்கி அரிக்கிறது. செய்திகள் தடைபட்டுப் போவதால், சிறு வேலைக்கும் மூளை கூடுதலாக உழைக்கிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும், பெண்களுக்கே அதிகம்.

உடல் சூடேறினால் தொல்லைகள் கூடுவதை ஊத்தாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-லேயே குறித்துவைத்தார். அரை டிகிரி ஏறினாலே போதும். நம் மும்பையின் மே மாதப் புழுக்கத்தில், தாராவியின் தகரக் கூரைக்குக் கீழே அடுப்படியில் நிற்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்! வெயில் ஏறுமுன் சமையலை முடிப்பதும், கழுத்தில் ஈரத்துணி சுற்றிக்கொள்வதும், வெந்நீர்க் குளியலைத் தவிர்ப்பதும் செலவில்லாத வைத்தியம். சூடு தணிந்ததும் தெம்பு திரும்பும். ஆனால் புதிதாகப் பார்வை மங்கலோ கைகால் பலவீனமோ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் நரம்பியல் மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

களைப்புக்கு வேறு காரணமும் இருக்கலாம். இரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு, சிறுநீருக்காக இரவில் பலமுறை எழுவது, தசை இறுக்கத்துக்குத் தரும் பாக்லோஃபென் மாத்திரை ஆகியவற்றை மருத்துவர் முதலில் பார்ப்பார்.

களைப்புக்கென்றே அமன்டடின், மோடஃபினில் போன்ற மாத்திரைகளும் தருகிறார்கள். 2021-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 141 பேரிடம் சோதித்தபோது இவை வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. அதற்காகச் சாப்பிட்டு வருபவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரைக் கேளுங்கள்.

அளவான உடற்பயிற்சி பலன் தருகிறது. வேலையைப் பங்கிட்டுக்கொள்வதும் அப்படியே: காய் நறுக்க ஒரு ஸ்டூல், களைப்பு வருமுன்பே கால்மணி ஓய்வு, தண்ணீர் பிடிக்க மகனோ கணவரோ.

1985-ல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் மும்பையில் இயங்குகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இந்நோய் சேர்க்கப்பட்டுள்ளது. பாதிப்பின் அளவைப் பார்த்து அரசு மருத்துவமனையில் சான்றிதழ் தருவார்கள். அது இருந்தால், மாட்டுங்காவிலோ செம்பூரிலோ லோக்கல் ரயில் ஏறும்போது மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் உட்கார்ந்து போகலாம்.