உங்கள் மண் எந்த மண்?

மண்ணின் ஈரத்தை அளக்க ஒரு கருவி உண்டு. பெயர் ஈரமானி. அதில் முதலில் மண் வகையைக் குறிக்க வேண்டும். கருவிக்குக் கண் இல்லையே!

கருவி 20 என்று காட்டுகிறது. அதாவது, 100 பங்கு மண்ணில் 20 பங்கு தண்ணீர். மணல் நிலத்துக்கு இது தாராளம். களிமண் நிலத்திலோ பயிர் வாடிவிடும். தண்ணீர் இருக்கிறது. ஆனால் களிமண் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வேரால் உறிஞ்ச முடியாது. விதர்பாவின் கரிசலில் நின்றுகொண்டு 'மணல்' என்று குறித்தால், கருவி 'ஈரம் போதும்' என்றே சொல்லும். பருத்தி கருகும்.

வேர் ஓடும் ஆழத்தில் ஒரு பிடி மண் எடுங்கள். நீர் தெளித்துப் பிசையுங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் மணல். உருண்டால், கட்டைவிரலால் நாடா போல நீட்டுங்கள். ஓர் அங்குலத்துக்குள் அறுந்தால் மணலும் களியும் கலந்த மண். இரண்டு அங்குலம் தாண்டினால் களிமண். ஒரே வயலில் இரண்டு மண்ணும் இருக்கலாம். இரண்டு இடத்திலும் பாருங்கள்.