கல்விக் கடனும் ஊடகப் பட்டமும்

விழா மலரிலே கடனைப் பற்றிப் பேசுதல் மங்கலமன்று எனச் சிலர் கருதுதல் கூடும். ஆயினும், எமது வகுப்பறையை விட்டு நீங்கும் மாணவன் முதன்முதலிற் கையொப்பமிடும் பெரிய பத்திரம் கடன் பத்திரமாகவே அமைதல் கூடிய காலமிது. ஆதலின் இப்பொருளை ஈண்டு ஆராய்தல் எமது கடமையாயிற்று.

சென்ற ஆண்டு உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திய மாணவன் ஒருவன் தந்தையாருடன் எம்மிடம் வந்தான். விவாத மேடையில் நாவன்மை காட்டியவன். வானொலியில் பேசவேண்டும் என்பது அவன் நெடுநாள் ஆசை. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை எட்டாமையால், தனியார் நிறுவனம் ஒன்றிலே தொடர்பாடற் பட்டம் பயில விரும்பினான். "மாஸ்டர், நீங்கள் ஓமென்றால் நாளைக்கே வயற்காணியை ஈடு வைக்கிறேன்" என்றார் தந்தையார். அச்சொல்லின் பாரம் எம்மை அன்றிரவு உறங்கவிடவில்லை.

கடனை மொத்தத் தொகையாக நோக்கின் அதன் உண்மை உருவம் புலப்படாது. மாதத் தவணையாக நோக்குதல் வேண்டும். படிப்புக்கு 12 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா தேவை எனக் கொள்வோம். வட்டியின்றிப் பெற்று 7 ஆண்டுகளில், அஃதாவது 84 மாதங்களில், அடைப்பின் தவணை 15,000 ரூபா. அதே தொகையை ஆண்டுக்கு 12 வீத வட்டியிற் பெறின் தவணை ஏறக்குறைய 22,200 ரூபா; வட்டி மட்டும் 6 இலட்சத்துக்கு மேலாகும். பயிலும் காலத்திலும் வட்டி ஏறுமாயின் பாரம் இன்னும் பெருகும்.

இனி, அத்தவணையை வருவாயோடு ஒப்பிடல் வேண்டும். அமெரிக்க மத்திய அரசு 2023 ஆம் ஆண்டில் வகுத்த விதிகளில் ஓர் அளவுகோல் உண்டு: படித்தவரின் ஆண்டுத் தவணை அவர்தம் ஆண்டு வருவாயில் 8 வீதத்தை விஞ்சலாகாது என்பது அவ்வளவுகோலின் ஒரு கூறு. அதனை இங்கே பொருத்தின், 15,000 ரூபாத் தவணைக்கு 1,87,500 ரூபா மாத வேதனம் வேண்டும். பத்திரிகையிலோ வானொலியிலோ புதிதாகச் சேரும் இளைஞன் முதலாண்டில் இதனை எதிர்பார்த்தல் பெரும்பாலும் வீண் கனவேயாம். புகழ்பெற்ற அறிவிப்பாளர் ஒருவரின் வருவாயைக் கொண்டு கணக்கிடலாகாது. அவரோடு தொழில் தொடங்கிய ஏனையோர் யாது பெறுகின்றனர் என்பதே கேட்கத்தக்க வினா.

கடன் என்ற சொல் ஒன்றாயினும் அதன் இயல்பு நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்தில் 2023 ஓகஸ்ட் முதல் பட்டப்படிப்புத் தொடங்கியோர்க்குரிய அரச கடனில், ஆண்டு வருவாய் 25,000 பவுணைத் தாண்டிய பின்னரே, மேற்பட்ட தொகையில் 9 வீதம் அறவிடுதல் விதியாக வகுக்கப்பட்டது. 40 ஆண்டுகளின்பின் எஞ்சியது தள்ளுபடியாகும். 27,000 பவுண் பெறுபவன் ஆண்டுக்கு 180 பவுண் செலுத்துவான்; வேலையிழப்பின் ஒன்றும் செலுத்தான். காணியை ஈடு வைத்துப் பெற்ற கடனோ வருவாயைக் கேளாது. தவணை நாளை மட்டுமே கேட்கும். ஆகவே, கடல் கடந்த உறவினர் தம் பிள்ளைகள் கடன்பட்டுப் படிக்கின்றனர் எனக் கூறுவதை நம் ஊருக்கு அப்படியே ஏற்றுதல் பிழை.

1945 ஆம் ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டில் இலவசக் கல்வி நிலைபெற்றது. அதன் பயனாய், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கையும், கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடற் கற்கையும் கட்டணமின்றிப் பயிலக் கிடைக்கின்றன. அவற்றுக்குள் நுழைய இயலாதோர்க்கென 2017 ஆம் ஆண்டில் அரசு வட்டியில்லாக் கடன் திட்டமொன்றையும் தொடங்கிற்று.

இத்துறையின் இயல்பையும் நினைத்தல் தகும். கொழும்பில் வானொலி 1925 இலும், வீரகேசரி 1930 இலும், தினகரன் 1932 இலும், யாழ்ப்பாணத்தில் ஈழநாடு 1959 இலும் தோன்றின. அவற்றில் எழுதியும் பேசியும் பெயர் பெற்றோர் பலர், பணியிடத்தையே பள்ளியாகக் கொண்டு பயின்றவர்கள். பட்டம் வேண்டாமென்பது எம் கருத்தன்று. மருத்துவனுக்குப் பட்டமின்றித் தொழிலில்லை. ஊடகவியலாளனுக்கோ பட்டத்தினும் மொழித் தேர்ச்சியும் செய்து காட்டிய வேலையும் முற்பட நிற்கும். விலை கொடுத்து வாங்கும் பொருளின் பயன் யாதென அறிந்தே விலை பேசல் வேண்டும். வள்ளுவர் தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்தமை நம் மாணவர் அறிந்ததே.

ஆகவே அத்தந்தையாருக்கு நாம் கூறியது இது: முதலில் மீண்டும் பரீட்சை எழுதுக, அதுவும் கைகூடாதாயின் வட்டியில்லாக் கடனுக்கு விண்ணப்பிக்க, எந்நிறுவனத்திற் சேருமுன்னும், அங்கே பயின்று வெளியேறி ஈராண்டு கழிந்த மூவரையேனும் கண்டு அவர்தம் வேதனத்தைக் கேட்க, காணியை மட்டும் தொடற்க.

மாணவன் முகம் வாடியது. அவன் ஆசையை நாம் இகழ்ந்தோமல்லோம். கடன் அவ்வாசையை விழுங்கிவிடலாகாதே என அஞ்சினோம். தவணைக்காகப் பிடிக்காத வேலையொன்றிற் புகுந்து, வானொலியை மறந்துவிடும் இளைஞனாக அவனைக் காண நாம் விரும்பவில்லை. இன்று அவன் மீண்டும் பரீட்சைக்குப் படிக்கின்றான். காணி உறுதியும் பெட்டியிலேயே இருக்கின்றது.

பத்திரிகையிலும் ஒலிபரப்பிலும் பணியாற்றும் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். விடுமுறைக் காலத்தில் ஆளுக்கொரு மாணவனை உங்கள் பணியிடத்துக்கு அழைத்துத் தொழிலைக் காட்டுங்கள். உங்கள் முதல் வேதனம் எவ்வளவு என்பதையும் மறையாது கூறுங்கள். கல்லூரி அன்னைக்கு விழா ஆண்டில் நீங்கள் செய்யும் கைம்மாறு அதுவாகட்டும்.