ஊட்டிக் கிழங்கும் தங்க நூற்புழுவும்

நம் பெரிய மார்க்கெட்டில் ஊட்டி உருளைக்கிழங்குக்கு என்றும் தனி மதிப்பு உண்டு. பிரெஞ்சு பயிலும் நண்பர்கள் உருளைக்கிழங்கை ‘பொம் த தேர்’, அதாவது மண்ணின் ஆப்பிள் என்பர். அந்த ஊட்டி மண்ணில் மறைந்திருந்து, 1961 முதல் அரசையும் உழவரையும் அலைக்கழித்து வரும் ஒரு பகையைப் பற்றியதே இக்கட்டுரை. அதன் பெயர் தங்க நூற்புழு.

இதன் தாயகம் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. 1845இல் அயர்லாந்தின் கிழங்குப் பயிரைக் கருகல் நோய் அழித்தது. அதன்பின் நோய் தாங்கும் இரகங்களைத் தேடி ஆண்டீஸ் கிழங்குகளை ஐரோப்பாவிற்குக் கொணர்ந்தனர். ஒட்டியிருந்த மண்ணோடு புழுவும் வந்தது என்பர் அறிஞர். ஒரு நோய்க்கு மருந்து தேடப்போய் இன்னொன்றை வாங்கி வந்த கதைதான்! நீலகிரிக்கும் அது ஐரோப்பிய விதைக்கிழங்கு வழியாகவே வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

1961இல் உதகை விஜயநகரத்தில் இங்கிலாந்து அறிஞர் ஜோன்ஸ் இதனைக் கண்டறிந்தார். கண்டறிவது எளிதன்று. செடி குட்டையாகும், பகலில் வாடும், இலை மஞ்சளாகும்; காண்போர் உரக்குறை என்றே எண்ணுவர். வேரைப் பிடுங்கிப் பார்த்தால் குண்டூசித் தலையினும் சிறிய உருண்டைகள் தெரியும். அவை பெண் புழுக்களின் உடல்களே. வெண்மையாகத் தோன்றி, பொன்னிறமாகி, இறந்தபின் பழுப்பேறிக் கெட்டியான கூடாகின்றன. ஒரு கூட்டில் சில நூறு முட்டைகள் இருக்கும். உருளைக்கிழங்கு வேரின் கசிவு எட்டும்வரை அவை இருபது ஆண்டுகள்கூட மண்ணில் உறங்கிக் கிடக்கும். எனவே ஆய்வாளர் வயலில் பல இடங்களில் மண் எடுத்து, உலர்த்தி, நீரில் கலக்குவர். உலர்ந்த கூடுகள் மிதக்கும்; அவற்றைச் சல்லடையில் பிடித்து உருப்பெருக்கியின்கீழ் எண்ணுவர்.

செடியில் அறிகுறி தெரியும் அளவுக்குப் புழு பெருகப் பல ஆண்டுகள் ஆகும். நலமாகத் தோன்றும் வயலின் மண்ணையும் சோதிக்காவிடில் சட்டம் எப்போதும் பிந்தியே வரும் என்பது என் கருத்து.

1914ஆம் ஆண்டின் பயிர்ப்பகைச் சட்டத்தின்கீழ் 1971இல் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே செல்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. சமையலுக்கான கிழங்குக்குத் தடையில்லை. மனிதருக்கு இப்புழுவால் தீங்குமில்லை. ஆயினும் விதை விற்றுப் பிழைத்த உழவருக்கு ஒரு வழி அடைபட்டது. மண்ணில் மருந்திட்டனர், கோசு, கேரட் எனப் பயிரை மாற்றினர். 1985இல் புழுவைத் தாங்கும் ‘குப்ரி சுவர்ணா’ என்ற இரகம் வந்தது. உழவர் பலரோ சந்தைக்கேற்ற ‘குப்ரி ஜோதி’யையே விரும்பினர், அதற்கோ புழுவைத் தாங்கும் ஆற்றல் இல்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. விலைதானே அடுப்பை எரிய வைக்கிறது.

பின்னர்க் கொடைக்கானலிலும் புழு காணப்பட்டது. 2018இல் இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் ஆகிய பகுதிகளின் விதைக்கிழங்குக்கும் மத்திய அரசு தடை விதித்தது. நம் இரகங்களின் பெயரில் முன்நிற்கும் குப்ரி, அந்த இமாசலத்து ஊர்தான்.