ஆராய்ந்து வைக்கும் பந்தயம் சூதாகுமா?

திருவண்ணாமலையிலிருந்து ஒரு தாயார் எழுதிக் கேட்டிருப்பதன் சுருக்கம் இது:

"என் மகன் தொழுகையாளி. குடி, புகை எதுவும் கிடையாது. ஆனால் இரவு நேரத்தில் செல்போனில் ஏதோ வெளிநாட்டுச் சந்தையில் பணம் போடுகிறான். நியூயார்க்கில் நாளை எத்தனை டிகிரி வெயில், எந்த நாட்டுத் தேர்தலில் யார் ஜெயிப்பார் என்பதற்கெல்லாம் அங்கே விலை உண்டாம். சூதில்லையாப்பா என்றால், 'சூது குருட்டுத்தனம் அம்மா, நான் ஏ.ஐ.யிடம் கேட்டு ஆராய்ந்துதான் போடுகிறேன், இது அறிவுக்குக் கிடைக்கும் கூலி' என்கிறான். தங்கையின் நிக்காஹுக்குச் சேர்த்த பணத்திலும் கை வைத்திருக்கிறான். இப்போது பதினெட்டாயிரம் ரூபாய் லாபம் என்று என்னிடம் நீட்டுகிறான். வாங்கலாமா?"

வாங்கக் கூடாது. ஆனால் இந்தப் பிள்ளை சொல்லும் நியாயத்தை இன்று படித்த பிள்ளைகள் பலரும் சொல்வதால், நாம் அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சந்தை நடக்கும் விதத்தை முதலில் தெரிந்து கொள்வோம். ஒரு கேள்வி வைக்கப்படும். 'ஆம்' என்று ஒரு சீட்டு, 'இல்லை' என்று ஒரு சீட்டு. நம் நாட்டில் சில காலம் நடந்த செயலிகளில் இரண்டின் விலையும் சேர்ந்து பத்து ரூபாய். ஆம் என்பவர் ஆறு ரூபாய் கொடுத்தால், இல்லை என்பவர் நான்கு ரூபாய் கொடுப்பார். முடிவு தெரிந்ததும் ஒருவருக்குப் பத்து ரூபாய், மற்றவருக்கு ஒன்றுமில்லை. நடத்துபவர் தமது கழிவை எடுத்துக் கொள்வார். வெளிநாட்டில் பத்து ரூபாய்க்குப் பதில் ஒரு டாலர், அவ்வளவே வித்தியாசம். 'கருத்து வணிகம்' என்ற பெயரில் இது இங்கே பரவியபோது, இவை பங்குப் பத்திரங்கள் அல்ல, இவற்றில் பணம் போடுவோருக்கு முதலீட்டாளர் பாதுகாப்பு எதுவும் கிடையாது என்று 2025 ஏப்ரலில் செபி எச்சரித்தது.

மகன் சொல்லும் நியாயம் நமது நீதிமன்றங்களில் பேசப்பட்ட நியாயந்தான். ரம்மியில் திறமை மிகுதி என்று 1968இலும், குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது என்று சென்னையிலிருந்து சென்ற வழக்கில் 1996இலும் உச்ச நீதிமன்றம் கூறியது. திறமை மிகுந்தால் சூதல்ல, அதிர்ஷ்டம் மிகுந்தால் சூது. இதுவே அந்த அளவுகோல். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டத்தில் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்ப்பதையே விட்டுவிட்டது.

ஷரீஅத் அந்த அளவுகோலை எடுத்ததே இல்லை. சூரா மாயிதாவின் 90, 91ஆம் வசனங்களில் மைஸிர் மதுவோடு சேர்த்து விலக்கப்பட்டிருக்கிறது. அது பகையை மூட்டும், தொழுகையை மறக்கடிக்கும் என்று காரணமும் அங்கே வருகிறது. ஃபுகஹாக்கள் கேட்ட கேள்வி, ஆடுகிறவன் கெட்டிக்காரனா என்பதல்ல. பணம் எங்கிருந்து வருகிறது என்பது. இரு தரப்பும் பணம் வைத்து, ஒருவர் இழந்தால்தான் மற்றவர் பெறுவார் என்ற நிலை இருந்தால் அது கிமார், அதாவது சூது. அம்பெய்வதை விடத் திறமை வேண்டிய வித்தை எது? அதிலும் இருவர் மட்டுமே பணம் கட்டி, வென்றவர் எல்லாவற்றையும் எடுப்பதை ஷாஃபிஈ, ஹனஃபி கிதாபுகள் அனுமதிக்கவில்லை. ஒருவர் மட்டும் பரிசு வைத்தாலோ, மூன்றாமவர் கொடுத்தாலோ ஆகும்.

வியாபாரத்திலும் நட்டம் உண்டே என்பார்கள். போளூர் மண்டியில் ஒருவர் மல்லாட்டை மூட்டை வாங்குகிறார்; மறுவாரம் விலை இறங்கி நட்டப்படுகிறார். ஆனால் விவசாயிக்கு விலை கிடைத்தது, யாரோ ஒரு வீட்டுக்கு எண்ணெய் கிடைத்தது. 'ஆம்' சீட்டு விற்றதில் யாருக்கு என்ன கிடைத்தது?

"அபூபக்ர் (ரலி) அவர்களே பந்தயம் கட்டினார்களே" என்றும் ஒரு வாதம் வரலாம். உண்மைதான். ரோமர்கள் தோற்ற பின் சில ஆண்டுகளில் வெல்வார்கள் என்று சூரா ரூம் அறிவித்தபோது, மக்கத்துக் குறைஷிகளோடு அவர்கள் பந்தயம் பேசினார்கள். அந்தச் செய்தியைப் பதிவு செய்த திர்மிதியிலேயே, இது பந்தயம் தடுக்கப்படுவதற்கு முன் நடந்தது என்ற குறிப்பும் இருக்கிறது. மேலும், அவர்கள் நம்பியது வஹீயை. அப்படிப்பட்ட உறுதியான அறிவு இருந்த பந்தயமே பின்னர் விலக்கப்பட்டதென்றால், ஏ.ஐ.யின் ஊகத்துக்கு என்ன இடம் இருக்கிறது?

வெயிலுக்கும் மழைக்கும் பணம் கட்டுவது புதிதுமல்ல. கல்கத்தா வியாபாரிகளிடையே மழைச் சூது முற்றிப்போய், அதைத் தடுக்க 1897இல் வங்காளத்தில் தனிச் சட்டமே போட்டார்கள். மேகம் பார்ப்பதில் தேர்ந்தவர்கள் அங்கும் இருந்தார்கள். மும்பையின் மட்கா சூது, நியூயார்க்கிலிருந்து வந்த பஞ்சு விலையின் எண்களில்தான் தொடங்கியது. நியூயார்க்குக்கும் நம் ஊர்ச் சூதுக்கும் அவ்வளவு பழைய உறவு!

மழையைக் கணிப்பதே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அடையாளங்களைப் பார்த்து மதிப்பிடுவது கைபை அறிந்ததாகச் சொல்வதாகாது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஏழு பேர் மாண்டார்கள்; ஐவர் குழந்தைகள். அந்த ஊர்க்காரருக்கு மழைக் கணிப்பின் அருமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. அதே கேள்வியின் மேல் பணத்தை வைத்த உடனே ஹுக்மு மாறுகிறது.

இனி அந்த ஏ.ஐ. கருவி. இந்தச் சந்தைகள் எப்படி இயங்குகின்றன, சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவரோ பத்திரிகைக்காரரோ அதனிடம் கேட்டுப் படித்தால் குற்றமில்லை. பந்தயத்துக்காகவே ஆராய்ந்தால், வழிக்கும் முடிவின் ஹுக்மே வரும். ஆராய்ச்சியின் யோக்கியதையையும் பார்ப்போம். அந்தக் கருவி மகனிடம் மட்டும் இல்லை. எதிர்ச் சீட்டு வாங்கியவரிடமும் இருக்கிறது. இருவரும் அதையே கேட்டாலும் ஒருவர் இழந்தே ஆகவேண்டும். சில வேளை அது சந்தை விலையையே படித்துவிட்டு, அதையே தன் கணிப்பாகத் திருப்பிச் சொல்லும். கேட்டவர் இரண்டு சாட்சி கிடைத்ததாக எண்ணிக் கொள்வார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் கருத்துக் கணிப்பு நிறுவனங்கள் பல, ஆளும் கூட்டணிக்கு 350க்கு மேல் என்றன. வந்தது 293. நாடெங்கும் ஆளனுப்பி வாக்காளரைக் கேட்டவர்களின் நிலையே அது.

"இது ஹலாலா?" என்று அதனிடமே கேட்பவர்களும் உண்டு. கேட்பவர் விரும்பும் பக்கம் சாய்ந்து பேசுவதும், இல்லாத ஹதீஸுக்கு எண் போட்டுத் தருவதும் அதற்கு வழக்கம். அது காட்டும் ஆதாரத்தை மஹல்லா ஆலிமிடம் கிதாபைத் திறந்து பார்க்கச் சொல்லாமல் எடுத்துக் கொள்ளாதீர்கள்.

தாயாரின் கேள்விக்கு வருவோம். மகன் போட்ட முதலில் அங்கே மீதி இருந்தால் அதைத் திரும்ப எடுக்கலாம். அது அவர் பொருள். பதினெட்டாயிரம் அவருடையதல்ல. இழந்தவர் யாரென்று தெரிந்தால் அவரிடமே சேர்க்க வேண்டும். முகமறியாத சந்தையில் அது முடியாதென்பதால், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்து நீங்கிக் கொள்வதே வழி. அதை ஜகாத்தில் கழிக்க முடியாது. தங்கையின் பணத்தில் எடுத்தது அவர் மேல் கடனாக நிற்கிறது. அதையும் இந்தப் பதினெட்டாயிரத்தைக் கொண்டு அடைக்க முடியாது, உழைத்துச் சம்பாதித்ததிலிருந்துதான் கொடுக்க வேண்டும். மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்பதைத் தாயும் மகனும், அந்தப் பெண்ணையும் வைத்துக் கொண்டு, உட்கார்ந்து பேசி எழுதி வைக்கட்டும்.