தண்ணீரை மாற்ற வேண்டாம், திருத்துங்கள்!
பாசி பிடித்த நீச்சல் தடாகத்தைச் சீர்செய்யும் தொழில் – ஒரு பாடம்

யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதியில் வடமராட்சியின் முக்கிய சந்தை நகரம் நெல்லியடி. இதைச் சுற்றியுள்ள ஊர்களில் இருந்து வெளிநாடு சென்றவர்கள் ஏராளம். அவர்கள் ஊரில் கட்டும் வீடுகளிலும், 2009-க்குப் பின் பெருகிய விருந்தினர் விடுதிகளிலும் பின்வளவில் ஒரு நீச்சல் தடாகம் இருப்பது இன்று புதுமையல்ல. உரிமையாளர் வருடத்தில் சில வாரங்களே வந்து தங்குவார். மற்ற மாதங்களில் மோட்டார் ஓடாது, சருகு விழும், தண்ணீர் பச்சையாகிவிடும். வருவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, "தடாகத்தைக் குளிக்கிற மாதிரி ஆக்கித் தர ஆள் இருக்கா?" என்று தொலைபேசி வரும்.

ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர்களுக்கும், தண்ணீர் மோட்டார் வேலை செய்பவர்களுக்கும் இது நல்ல துணைத் தொழில். ஆனால் பலர் முதல் வேலையிலேயே கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். பச்சைத் தண்ணீரைக் கண்டதும் முழுவதையும் இறைத்து ஊற்றிவிட்டு, கிணற்று நீரை நிரப்பிவிடலாம் என்று நினைப்பதுதான் காரணம். யாழ்ப்பாண மண்ணில் இது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

ஏன் இறைக்கக் கூடாது?

முதற் காரணம், தடாகமே உடையலாம். குடாநாட்டில் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. மாரியில் நிலத்தடி நீர் மேலே வருவதைக் கிணற்றைப் பார்த்தாலே தெரியும். நிறைந்த தடாகத்தின் பாரம் அந்த நீரின் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். வெறுமையான தடாகமோ ஒரு தோணி போலத்தான். கீழிருந்து வரும் அழுத்தத்தில் தளம் வெடிக்கலாம், தொட்டியே மேலே கிளம்பலாம். சில ஆயிரம் ரூபா லாபத்துக்குப் போனவர் முழுத் தடாகத்துக்கும் பதில் சொல்ல வேண்டி வரும்.

இரண்டாவது காரணம் தண்ணீரின் அருமை. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர், கடல்நீருக்கு மேல் ஒரு படலமாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் நீர் ஏறிவிடும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையோரத்தில் இந்தப் பாடத்தைக் கற்றோம். கடல்நீர் புகுந்த கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்தபோது, பல இடங்களில் உப்பு குறையவில்லை. அதிகம் இறைப்பது நிலைமையை மோசமாக்கும் என்று நிபுணர்கள் எச்சரிக்க வேண்டியதாயிற்று. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024-இல் திறக்கப்பட்டது. நிலைமை அந்த அளவுக்கு வந்திருக்கும் ஊரில் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் லீட்டரை வீணே ஊற்றுவது நியாயமா?

மூன்றாவது காரணம், புதுத் தண்ணீரும் சுத்தமான தண்ணீர் அல்ல. சுண்ணாம்புக் கல் கிணற்று நீர் கடினமானது. அது சுவரிலும் குழாயிலும் வெள்ளைப் படிவை உண்டாக்கும். தோட்டங்களுக்கு இட்ட உரத்தின் நைத்திரேற்று பல கிணறுகளில் கலந்துள்ளது. அது பாசிக்குத் தீனி. நிரப்பி மோட்டாரை ஓட்டாமல் விட்டால் அதே பச்சை மீண்டும் வரும்.

கீரிமலைக் கேணியைப் பாருங்கள். ஊற்று நீர் ஓயாமல் உள்ளே வந்து கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. நமது தடாகத்துக்கு ஊற்று இல்லை. அந்த ஓட்டத்தை மோட்டாரும் வடிகட்டியும்தான் தர வேண்டும். அது நின்றதுதான் நோய், பச்சை நிறம் அதன் அறிகுறி மட்டுமே.

முதலில் அளவு, பிறகு மருந்து

கண் மதிப்பில் மருந்து போடுபவர் நட்டப்படுவார். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீற்றரில் அளந்து பெருக்குங்கள். 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 1.5 மீற்றர் ஆழம் என்றால் 48 கன மீற்றர், அதாவது 48,000 லீட்டர்.

அடுத்து, சோதனைப் பெட்டியால் தண்ணீரைப் பாருங்கள். பார்க்க வேண்டியவை நான்கு: பி.எச்., காரத்தன்மை, கடினத்தன்மை, சயனூரிக் அமிலம். கடைசியாகச் சொன்னது வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் பொருள். குளோரின் மாத்திரைகளை நெடுநாள் பாவித்த தடாகத்தில் இது சேர்ந்துகொண்டே போகும். லீட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினால் குளோரின் வேலை செய்யாது. அப்போது மட்டும் ஒரு பகுதித் தண்ணீரை மாற்ற வேண்டும். அதையும் கோடையில், மூன்றில் ஒரு பங்கு வீதம் செய்யுங்கள். ஒரேயடியாக வெறுமையாக்க வேண்டாம்.

வேலை ஒழுங்கு

1. சருகு, சேறு, செத்த பூச்சிகளை வலையால் அள்ளுங்கள். குப்பை கிடக்கும் தண்ணீரில் போடும் குளோரினைக் குப்பையே தின்றுவிடும்.

2. மோட்டார், குழாய், மின் இணைப்பைப் பரிசோதியுங்கள். தண்ணீர் அருகே மின்சாரம் என்பதால் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். மணல் வடிகட்டியைப் பின்னோட்டமாகக் கழுவுங்கள். மணல் கட்டிபட்டிருந்தால் மாற்றுங்கள்.

3. பி.எச். அளவை 7.2-க்கும் 7.4-க்கும் இடையில் கொண்டுவாருங்கள். பலர் விட்டுவிடும் படி இது. பி.எச். 7.5-இல் குளோரினின் பாதி அளவே வீரியமான நிலையில் இருக்கும். 8.5-இல் பத்தில் ஒரு பங்குதான். நமது சுண்ணாம்பு நீரில் பி.எச். ஏறிக்கொண்டே போகும் என்பதால், இதைச் சரிசெய்யாமல் குளோரின் போடுவது காசைத் தண்ணீரில் கரைப்பதாகும்.

4. சூரியன் சாய்ந்த பின் குளோரின் போடுங்கள். லீட்டருக்கு 10 மில்லிகிராம் வேண்டுமென்றால், 48,000 லீட்டருக்கு 480 கிராம் சுத்தக் குளோரின். 65 வீத வீரியமுள்ள கல்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் ஏறத்தாழ 740 கிராம். 10 வீதத் திரவக் குளோரின் என்றால் ஏறத்தாழ 5 லீட்டர். கடின நீருக்குத் திரவமே நல்லது, அது மேலும் சுண்ணாம்பைச் சேர்க்காது. ஆனால் வெப்பத்தில் வீரியம் இழக்கும். ஆகவே தயாரித்த திகதி பார்த்து வாங்குங்கள்.

5. சுவரையும் தளத்தையும் தேய்த்து, மோட்டாரை இரவு பகலாக ஓட்டுங்கள். அழுத்தமானி வழக்கத்தை விட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. கூடினால் வடிகட்டியைக் கழுவுங்கள். தினமும் சோதித்து, குறைந்த குளோரினை மீண்டும் போடுங்கள். பச்சை சாம்பல் நிறமாகி, பின் பால் போல் கலங்கி, அதன் பிறகே தெளியும்.

6. கலங்கல் நிற்குமானால் படிகாரம் போட்டு, மோட்டாரை நிறுத்தி ஓர் இரவு விடுங்கள். கிணற்று நீரைத் தேத்தாங்கொட்டையால் தெளிய வைத்த நம் முன்னோரின் முறைதான் இது. அடியில் படிந்ததை உறிஞ்சி நேரே வெளியே விடுங்கள், வடிகட்டிக்குள் விட வேண்டாம். கழிவு நீர் கிணற்றுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது குளிக்கலாம்? ஆழமான இடத்தில் அடித்தளம் தெளிவாகத் தெரிய வேண்டும். பின்னேரம் அளந்த குளோரின் மறுநாள் விடியற்காலையில் 1 மில்லிகிராமுக்கு மேல் குறைந்திருக்கக் கூடாது. குளோரின் 1 முதல் 3-க்குள் இறங்கியிருக்க வேண்டும். அதுவரை எவரையும் இறங்க விடாதீர்கள். கலங்கிய தண்ணீரில் மூழ்கிய குழந்தை கண்ணுக்குத் தெரியாது.

கலக்கக் கூடாதவை

2016 ஓகஸ்டில் பிரேசிலின் ரியோ ஒலிம்பிக்கில், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, டைவிங் தடாகம் பச்சையாக மாறியது. அருகிலிருந்த இன்னொரு தடாகமும் நிறம் மாறியது. ஏற்கெனவே குளோரின் இருந்த தண்ணீரில் ஐதரசன் பெரொக்சைட்டை ஊற்றியதுதான் காரணம் என்று ஏற்பாட்டாளர்கள் பின்னர் விளக்கினர். இரண்டும் தனித்தனியே நல்ல மருந்துகள், சேர்ந்தால் ஒன்றை ஒன்று அழிக்கும். கடைசியில் ஒரு தடாகத்தின் 37 லட்சம் லீட்டர் அளவிலான தண்ணீரை மாற்ற வேண்டியதாயிற்று.

அங்கே போனது பணமும் பெயரும். இதைவிட ஆபத்தான கலவையும் உண்டு. குளோரினும் அமிலமும் சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பி உயிரையே பறிக்கும். இரண்டையும் ஒரே அலுமாரியில் வைக்காதீர்கள், ஒரே வாளியில் கரைக்காதீர்கள். கரைக்கும்போது தண்ணீரில் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. உங்களிடம் வேலை செய்யும் பையனுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுப்பது முதலாளியின் கடமை.

வியாபாரக் கணக்கு

போய்ப் பார்த்து அளக்காமல் விலை சொல்லாதீர்கள். கூலி, மருந்து, திருத்த வேலை மூன்றையும் தனித்தனியே எழுதிக் கொடுங்கள். மின்சாரச் செலவு யாருடையது என்பதையும் எழுதுங்கள். தொடங்கு முன் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். முன்பே இருந்த வெடிப்புக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிராது. அவர் கடல் கடந்து இருக்கிறார், வீட்டுத் திறப்பு உங்கள் கையில் இருக்கிறது. அது அமானிதம். தினசரி அளவுகளை ஒரு தாளில் குறித்து அனுப்புபவரையே அவர் அடுத்த முறையும் அழைப்பார், நண்பருக்கும் சொல்வார்.

உண்மையான வருமானம் மாதப் பராமரிப்பில்தான். உரிமையாளருக்கு அதை எடுத்துச் சொல்ல ஒரு வலுவான காரணமும் உண்டு. இலங்கையில் 2017-இல் 1,86,000-க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். 2007-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின்படி, வளவில் நுளம்பு பெருக விடுவது குற்றம். கவனிக்காத தடாகமும், வெறுமையாக்கிவிட்டு மழை நீர் தேங்க விட்ட தடாகமும் நுளம்புப் பண்ணைகளே. கெட்ட பின் திருத்தும் செலவையும் மாதக் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், முடிவை அவரே எடுப்பார்.

இத்தொழிலில் இறங்க நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது பெரிய மோட்டார் அல்ல, ஒரு சோதனைப் பெட்டியும் ஓர் அளவு நாடாவும். பள்ளிவாசல் ஹவுழ், வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, விடுதித் தடாகம் எதுவானாலும், அளந்து பார்த்துவிட்டுக் கை வைப்பவரிடமே வேலை நிலைக்கும்.