மனச்சிதைவு நோயும் மூளையின் செயலும்

நன்றாக வேலை செய்துவந்த பிள்ளை திடீரெனத் தனித்திருக்கிறான். இல்லாத குரல்கள் கேட்பதாகக் கூறுகிறான். சொன்ன வேலையைப் பாதியில் விட்டுவிடுகிறான். வீட்டார் இதனைச் சோம்பல் என்றோ பேயின் சேட்டை என்றோ கருதுவர். இவை மனச்சிதைவு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். இந்நோய் மூளையின் செயலில் ஏற்படும் கோளாறாகும்.

காலைப் பிரட்டில் மண்டோர் மூன்று கட்டளைகள் இடுகிறார் என்று கொள்வோம். ஒட்டுப்பாலை முதலில் எடுக்க வேண்டும். பிறகு மரம் சீவ வேண்டும். மழை வந்தால் மங்குகளைக் கவிழ்க்க வேண்டும். இம்மூன்றையும் சிறிது நேரம் மனத்தில் ஏந்தி, வரிசைப்படுத்தும் ஆற்றலே செயல் நினைவு எனப்படும். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி இதில் பெரும்பங்கு கொள்கிறது. இந்நோயில் அப்பகுதியின் செயல் குன்றுவதால், முதற் கட்டளையைச் செய்யும்போதே மற்றவை நழுவிவிடுகின்றன. மருந்துகள் குரல்களைத் தணிக்கும். நினைவுக் குறையை அவ்வளவாகப் போக்குவதில்லை. ஆகவே, ஒரு நேரத்தில் ஒரு வேலையையே சொல்லுதல் நன்று.

இது பரம்பரை நோயா? பொதுமக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் வரலாம். பெற்றோருள் ஒருவருக்கு இருப்பின், பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவில் வரலாம். தொண்ணூறு பேர் தப்பிவிடுகின்றனர். உருவொத்த இரட்டையருள் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வந்தே தீரும் என்பதில்லை. ஒரே தாய்மரத்தின் ஒட்டுக்கன்றுகளும் மண்ணுக்கேற்ப வேறுபட்டுப் பால் தருவதுபோல, மரபோடு சூழ்நிலையும் சேர்ந்தே நோயைத் தோற்றுவிக்கிறது. 2022இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வொன்று, மரபணுத் தொகுதியில் இந்நோயோடு தொடர்புடைய 287 இடங்களைச் சுட்டியது. எனவே, குடும்பத்தில் எவரையும் குற்றஞ்சாட்ட இடமில்லை.

சென்னையில் 1981இல் தொடங்கிய ஆய்வு, புதிதாக நோயுற்ற 90 பேரைப் பல்லாண்டுகள் கவனித்தது. பத்தாண்டுகளுக்குப் பின் அவர்களுள் பெரும்பாலோர் நல்ல முன்னேற்றம் கண்டிருந்தனர். மாறாக, ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். கட்டிவைப்பது சிகிச்சையாகாது.

கோயிலில் வேண்டிக்கொள்வதை எவரும் தடுக்கவில்லை. அதற்காக மருத்துவரை நாடுவதைத் தாமதப்படுத்தலாகாது. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு முதலில் செல்லலாம். அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையிலும், சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. குணமடைவதுபோல் தோன்றினாலும், மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தக்கூடாது. காலத்தே சிகிச்சை பெற்றவர் மீண்டும் உழைத்து வாழ இயலும்.